வணிகவியல் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா நலம். அம்மாவும் அப்பத்தாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் சொல்ல வந்ததைத் தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே கடைக்கு ஆள் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை வணிகவியல் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்.

மேலாண்மைப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும், அன்றிரவு தெரிந்தது அடுத்த வார வகுப்புத் தேர்வில் வரவில்லை என்று சொல்லி அழுதாய். எனக்குப் படிப்பே வராது என்றும் சொன்னாய். அது உண்மையில்லை. எனக்கு விடுப்பு கிடைப்பது செவ்வாய்க்கிழமைதான், ஞாயிறன்று சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எந்த மளிகைக் கடைக்காரர் ஆளை விடுவார்? அந்தச் செவ்வாயில் விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனேன். உன் அழுகைக்கு அங்கே விடை இருந்தது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்ததை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். உனக்கு நடப்பதும் இதுதான். இரவில் தெரிவது போல இருப்பதை நம்பிப் புத்தகத்தை மூடிவிடுகிறாய். பொதுத் தேர்வோ அன்றிரவு வருவதில்லை.

ஆகவே, இனிமேல் ஒரு பாடத்தை ஒருமுறை கவனமாகப் படி. புத்தகத்தை மூடு. வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுது. எதுவும் வராமல் ஐந்து நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரிடும், அப்போது புத்தகத்தைத் திறக்காதே. அந்தத் திணறலில்தான் பாடம் மனதில் இறங்குகிறது. பிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் எழுது. இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை மறுபடியும் வெறும் தாளில் எழுது. அடுத்த வாரம் இன்னொரு முறை. சிவப்பு குறைந்துகொண்டே வருவதை நீயே பார்ப்பாய். மஞ்சள் மையால் பக்கம் பக்கமாகக் கோடு போட்டு வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். கோடு போடும்போது கைக்குத்தான் வேலை, நினைவுக்கு ஒரு வேலையும் இல்லை.

மேலாண்மை அறிஞர் ஹென்றி ஃபேயோலின் 14 மேலாண்மைக் கோட்பாடுகளை எடுத்துக்கொள். அவற்றைப் பாட்டுப் போல ஒப்பிக்கிறாய், நடுவில் ஒன்று விட்டால் மிச்சம் எல்லாம் சிதறிவிடுகிறது. ஒவ்வொன்றையும் ஓர் இடத்தில் நிகழ்வதாகப் பார். எங்கள் கடையில் முதலாளி அரிசி மூட்டைகளை முன்னால் அடுக்கச் சொல்வார். மேற்பார்வையாளர் வந்து, அதை விட்டுவிட்டுத் தேங்காயை இறக்கச் சொல்வார். நடுவில் நிற்கும் பையன் யார் சொல்வதைக் கேட்பான்? ஒரு பணியாளருக்கு ஒரே மேலாளர்தான் கட்டளையிட வேண்டும் என்று ஃபேயோல் சொன்னது இதற்காகத்தான். தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலை முழுவதும் விளக்கு போட்டிருக்கும் நாட்களில், எங்கள் கடையில் கொள்முதல், அடுக்குதல், விற்பனை எல்லாம் ஒரே திட்டத்தில், ஒருவர் தலைமையில் நடக்கும். ஒரே நோக்கமுள்ள வேலைகளுக்கு ஒரே தலைமை, ஒரே திட்டம் என்ற கோட்பாடு இது. முதலாவது ஓர் ஆளைப் பற்றியது, இரண்டாவது ஒரு கூட்டு வேலையைப் பற்றியது. இவ்வளவு பிரித்துவிட்டால் வேறுபாடு கேட்கும் வினாவுக்கு நீ தடுமாற மாட்டாய். தலைப்பை மட்டும் பாடநூலில் உள்ள சொல்லிலேயே எழுது. திருத்துபவர் அந்தச் சொல்லைத்தான் முதலில் தேடுவார்.

சட்டப் பாடங்களைக் கண்டு நீ பயப்படுவது எனக்குத் தெரியும். கதையாகப் பார்த்தால் அவைதான் எளிது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், விற்பனைக்கும் விற்பனை உடன்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரே கேள்வி போதும்: இப்போது அந்தச் சரக்கு யாருடையது? வாடிக்கையாளர் மூட்டைக்குப் பணம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனால் அது அவருடையது, விற்பனை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் வரும் சரக்கில் ஐம்பது மூட்டை தருவதாகப் பேசி வைத்தால் உரிமை இன்னும் மாறவில்லை, அது உடன்பாடுதான். இடர் யாருக்கு, மீறினால் என்ன தீர்வு என்பவையெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியிலிருந்தே வருகின்றன. வாங்குபவரே விழிப்புடன் இருக்க வேண்டும் என்ற விதி பொதுவானது. ஆனால் ஒருவர், "இட்லிக்கு ஆட்ட எந்த அரிசி நல்லது?" என்று கேட்டு, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்த நோக்கத்துக்குப் பொருத்தமான சரக்கைக் கொடுக்க விற்பவர் கடமைப்பட்டவர். அதுதான் விதிவிலக்கு. இந்தக் கேள்வியை நான் வாரம் முழுவதும் கேட்கிறேன்!

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். தாளில் நீயே ஒரு காசோலை வரை. எழுதிக் கொடுப்பவர், பணம் கொடுக்க வேண்டிய வங்கி, பணம் பெறுபவர் என்று மூவரையும் குறி. இடது மூலையில் இரண்டு இணைகோடு போட்டுக் கீறலிடு. பக்கத்தில், பணம் தருவதாக ஒருவர் உறுதி எழுதித் தரும் கடனுறுதிச் சீட்டும், இன்னாருக்குப் பணம் கொடு என்று ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளையிடும் மாற்றுச் சீட்டும் எழுது. முன்னதில் உறுதி கொடுப்பவரும் பெறுபவரும் என இருவர்தான் இருப்பார்கள், பின்னதில் மூவர் வருவார்கள். கையால் ஒருமுறை எழுதிவிட்டால் ஐந்து மதிப்பெண் விடை அந்தத் தாளிலேயே இருக்கும். இங்கே என்னைச் சுற்றி எல்லாரும் பேநவ் என்ற கைப்பேசி வழிச் சேவையில் பணம் அனுப்புகிறார்கள். காசோலையைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது, அதனால்தான் வரையச் சொல்கிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. நான் சொல்லும் கடைக் கதைகள் உனக்குப் புரிவதற்காக. விடைத்தாளில் சிங்கப்பூரை எழுதிவிடாதே. இங்கே பொருள் சேவை வரி 2024 முதல் ஒரே 9 விழுக்காடு, ஊரில் பொருளுக்குப் பொருள் விகிதம் மாறும். நீ எழுத வேண்டியது இந்தியச் சட்டம், உன் பாடநூலில் உள்ளபடி.

வினாத்தாளைப் பற்றிக் கொஞ்சம். 90 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். 20 ஒரு மதிப்பெண் வினாக்கள், இரண்டு மதிப்பெண்ணில் 7, மூன்று மதிப்பெண்ணில் 7, ஐந்து மதிப்பெண்ணில் 7. ஐந்து மதிப்பெண் விடைக்குப் பத்து நிமிடம்தான் என்று ஆகிறது. வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பத்து நிமிடத்தில் ஒன்று எழுதிப் பழகு. தலைப்பு, ஐந்து துணைத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி என்று பிரித்து எழுதினால் போதும். நீ முதல் வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் ஓடுகிறாய் என்று உன் ஆசிரியர் அம்மாவிடம் சொன்னாராம். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் பத்தில் ஏழு எழுதலாம் என்றாலும் 30ஆவதும் 40ஆவதும் கட்டாய வினாக்கள். அதனால் ஒரு பாடத்தை முழுவதுமாக விட்டுவிடும் யோசனை வேண்டாம்.

ஒரு மதிப்பெண்ணுக்கு ஆண்டுகளையும் எண்களையும் தனித் தாளில் எழுதி வை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைக்கப்பட்டது 1988, சட்டப்பூர்வ அதிகாரம் பெற்றது 1992. இந்த இரண்டையும் நீ மாற்றி மாற்றிச் சொல்கிறாய். நிறுமங்கள் சட்டம் 2013. அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் கருவூல உண்டியல் 91, 182, 364 நாள். தாளின் ஒரு பக்கத்தில் கேள்வி, மறுபக்கத்தில் விடை என்று எழுதி அப்பத்தாவிடம் கொடு. அவர் எழுத்துக்கூட்டிக் கேட்பார், நீ பதில் சொல். அவருக்கும் பொழுது போகும்.

கணக்குப்பதிவியலுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அதைப் படித்து ஆகாது, போட்டுத்தான் ஆக வேண்டும். கூட்டாளி சேர்ப்புக் கணக்கைத் தீர்த்து வைத்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டாமல், மூடிவிட்டு நீயே முதலிலிருந்து போடு.

இரவு பதினொன்றுக்கு மேல் விழித்திருக்காதே. தூக்கம் கெட்டால் படித்தது நிற்காது, மறுநாளும் போய்விடும். அம்மா கொடுக்கும் பாலை அப்படியே வைத்துவிடுகிறாயாம், அதைக் குடி.

செவ்வாய்க்கிழமை இரவு உங்கள் நேரம் எட்டு மணிக்கு அழைக்கிறேன், இங்கே பத்தரை ஆகியிருக்கும். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இரண்டு ஐந்து மதிப்பெண் விடைகளை எனக்குச் சொல். பாடநூலைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொண்டே கேட்பேன். முதல் வாரத்துக்கு ஃபேயோலும் காசோலையும். விட்டுப்போவதை நான் சொன்னதும் உடனே சிவப்பில் எழுதிக்கொள். அடுத்த வாரத்துக்கு எந்தப் பாடம் என்பதை நீயே முடிவு செய், மிகவும் கடினமானதாக எடு.

அன்புடன்,
அப்பா