வகுப்பில் கண் சொருகும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் நீலகிரிப் பள்ளிகளில் இரண்டாவது பீரியடிலேயே கொட்டாவி தொடங்கிவிடும். 'குளிருக்குத் தூக்கம் வரத்தான் செய்யும்' என்பார்கள் வீட்டில். 'ராத்திரி பூரா போன்' என்பார்கள் பள்ளியில். இரண்டுமே பாதி உண்மை. மீதியைச் சொல்லத்தான் இக்கடிதம்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதே வயதில்தான் உடம்பின் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பத்துக்குப் படுத்தாலும் பதினொன்றுக்கு முன் கண் மூடாது. ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றால் ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்க ஐந்துக்கே எழ வேண்டும். வாரம் முழுக்க ஏறிய கடனை ஞாயிறு பத்து மணி வரை தூங்கி அடைக்கப் பார்க்கிறார்கள். அன்றிரவு ஒரு மணி வரை தூக்கம் வராது, திங்கள் காலை மறுபடி ஐந்து மணி. அதனால் முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். லீவு நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க வேண்டாம். படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்கு நகர்த்தினால் போதும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் நகர்த்தினால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

மலையில் பெரிய வில்லன் கம்பளி. குளிருக்குப் பயந்து ஆறு மணிக்கே அதற்குள் நுழைந்தால் பாடம், போன், டீ எல்லாம் அங்கேதான். நாலு மணி நேரம் விழித்துக் கிடந்த இடத்தில் விளக்கை அணைத்ததும் தூங்கு என்றால் மூளை கேட்காது. படிப்பதற்கு நாற்காலிதான் சரி: காலில் சாக்ஸ், தோளில் சால்வை, காலடியில் மடித்த சாக்கு, மடியில் வெந்நீர்ப் பை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி, கணுக்கால் முழுக வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் காலை வைத்திருக்கட்டும். விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு உலர்ந்த சாக்ஸ் போட வேண்டும். பாதத்து ரத்தக்குழாய்கள் விரிந்தால் உடம்பின் உள்சூடு வெளியேறும். உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் பிடிக்கும். கால் சில்லிட்டுக் கிடந்தால் அது தாமதமாகும்.

கதவு ஜன்னலை அடைத்துக் கரிச்சட்டி வைக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஒரே அறையில் படுத்த இரண்டு மூன்று பேருக்கும் காலையில் தலைவலி, குமட்டல், மந்தம். வெளியே வந்தால் தெளிகிறது என்றால் சட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அளவு மீறினால் உயிரே போகும்.

தேயிலை விளையும் ஊரில் டீயைக் குறை சொல்வது சங்கடம்தான். ஆனாலும், குடித்த காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு எட்டு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டஸ்ட் டீ ஒரு மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். கடைசி டீ மாலை நாலு மணியோடு சரி. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தாலோ டீயிலுள்ள டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

எட்டு மணி நேரம் தூங்கியும் சோர்வு தீராத மாணவிக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், குறும்பர் குடும்பப் பிள்ளைகள் என்றால் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய்) சோதனையும் அவசியம். 1952இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட நோய் அது. இரும்பு மாத்திரையால் அது தீராது.

சளி மாத்திரையையும் மறந்துவிடுகிறோம். குளோர்பெனிரமின் உள்ள மாத்திரையை இரவு போட்டால் மறுநாளும் மந்தம் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து காலையில் போடும் புரோமெத்தசின் வாந்தி மாத்திரையும் அப்படியே. பலத்த குறட்டையுடன் இடையில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு இரண்டு வேண்டுகோள். காலை ஸ்பெஷல் கிளாஸை எட்டரைக்குத் தள்ளுங்கள். மூடுபனி நாளிலும் பிரேயரைத் திறந்த வெளியிலேயே வையுங்கள், மழை கொட்டினால் ஒழிய. மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம்கூட டியூப்லைட் போட்ட வகுப்பறையைவிடப் பல மடங்கு அதிகம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அன்றிரவுத் தூக்கம் நேரத்துக்கு வரும். மதியம் சாப்பிட்டபின் மேசையில் தலை சாய்க்க 20 நிமிடம் விட்டால் இன்னும் நல்லது. மணி அடித்து எழுப்பிவிடுங்கள். முக்கால் மணி நேரம் விட்டால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப நேர்ந்து, தூக்கக் கலக்கம் கூடிவிடும்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள் சிலர்,
கோத்தகிரி.