மியூசியம், கேலரி க்யூரேட்டர்களுக்கு: போட்டோ எடுத்தவங்க பேரையும் போடுங்க

வணக்கம்,

அடுத்தவங்க எடுத்த போட்டோவ வச்சு செஞ்ச ஆர்ட்ட மாட்டி வைக்கிற க்யூரேட்டர்கள், கேலரிக்காரங்க எல்லாருக்கும்தான் இத எழுதுறேன். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. படத்துக்கு பக்கத்துல ஒட்டுற சின்ன அட்டையில, மூல போட்டோவ யார் எடுத்தாங்கன்னு போடுங்க.

பேட்ரிக் கேரியூன்னு ஒரு பிரெஞ்சு போட்டோகிராஃபர். ஜமைக்காவுல ராஸ்தஃபாரிங்கிற மத இயக்கத்து மக்களோட வருஷக்கணக்கா பழகி எடுத்த படங்கள 2000ல புக்கா போட்டாரு, ராயல்டியா வந்தது 8,000 டாலர் சொச்சம்தான். ரிச்சர்ட் பிரின்ஸ்ங்கிற அமெரிக்க ஓவியர் அந்த புக்குல இருந்த படங்கள எடுத்து, முகத்து மேல பெயிண்ட்ட அப்பி, ஒருத்தர் கையில கிட்டார ஒட்டி, 2008ல நியூயார்க் ககோஸியன் கேலரில காட்சிக்கு வச்சாரு. கேரியூகிட்ட ஒரு வார்த்த கேக்கல. எட்டு ஓவியம் மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல வித்துச்சு. கேரியூ படங்கள வச்சு ஷோ பண்ணலாம்னு பேசிட்டிருந்த இன்னொரு கேலரி, இதெல்லாம் ஏற்கனவே வேற இடத்துல காட்டியாச்சேன்னு விலகிருச்சு. காச விட எனக்கு இதுதான் வலிக்குது. இத்தனைக்கும் இந்த படங்கள்ல சொல்றதுக்குன்னு தனக்கு பெருசா மெசேஜ் எதுவும் இல்லன்னு கேரியூ போட்ட கேஸ்ல பிரின்ஸே வாக்குமூலம் குடுத்தாரு, அப்படியும் 2013 அப்பீல்ல 30ல 25 ஓவியம் சட்டப்படி சரிதான்னு தீர்ப்பு, மிச்சத்துக்கு 2014ல சமரசம்.

போட்டோகிராஃபர் லின் கோல்ட்ஸ்மித் கதையும் உங்களுக்கு தெரியாதது இல்ல. பாடகர் பிரின்ஸ (இவரு வேற பிரின்ஸ்) 1981ல அவங்க எடுத்த போட்டோவ, 1984ல ஒரு பத்திரிகை 400 டாலர் குடுத்து ஒரே ஒரு தடவ யூஸ் பண்ணத்தான் வாங்குச்சு. ஓவியர் ஆண்டி வாரோல் அத வச்சு மொத்தம் 16 படம் பண்ணிட்டாரு. 2016ல பாடகர் இறந்தப்ப, அதுல ஒண்ண அட்டைப்படமா போட வாரோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் போச்சு, கோல்ட்ஸ்மித்துக்கு காசும் இல்ல பேரும் இல்ல. 2023ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 7-2ன்னு அவங்க பக்கம் நின்னுச்சு.

பழைய படத்துல இருந்து புதுசா எதுவும் செய்யவே கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா கோர்ட் அனுமதிச்சா போதும்னு நீங்க கைய கழுவ முடியாது, அட்டைய அடிக்கிறது நீங்கதான். ரிச்சர்ட் பிரின்ஸோட கௌபாய் படங்கள்ல சிலதுக்கு மூல போட்டோ, மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்துக்காக போட்டோகிராஃபர் சாம் ஏபெல் எடுத்தது. அடுத்த தடவ அத மாட்டும்போது ஏபெல் பேரையும் அதே சைஸ் எழுத்துல அடிங்க, கேட்டலாக்லயும் சேருங்க.