சூட்டில் பிறப்பதில்லை, கைமாறுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

தலைசீவிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைப் பற்றிச் சிறுவர் பக்கத்தில் வந்த அறிவியல் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் தேய்க்கும்போது எழும் சூட்டில் மின்சாரம் பிறக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளியில் இயற்பியல் நடத்திய நாட்களில் நானும் ஏறக்குறைய இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால்தான் கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது.

அங்கே எதுவும் பிறக்கவில்லை. தலைமுடியிலும் சரி, சீப்பிலும் சரி, எலக்ட்ரான்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்குச் சமமாகப் புரோட்டான்களும் இருப்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. சீவும்போது முடியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பங்கு சீப்புக்குப் போய்விடுகிறது. சின்னஞ்சிறு பங்கு என்றாலும் ஒரு நானோகூலூம் (கூலூம் என்ற அலகில் நூறு கோடியில் ஒரு பங்கு) மின்னூட்டத்துக்கே ஏறக்குறைய 624 கோடி எலக்ட்ரான்கள் இடம் மாற வேண்டும். சீப்பில் எவ்வளவு எதிர் மின்னூட்டம் ஏறியதோ அதே அளவு நேர் மின்னூட்டம் முடியில் மிஞ்சும். சீவி முடித்ததும் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பறப்பது அதனால்தான். கட்டுரை முழுக்கச் சீப்பின் புகழ்தான், பறிகொடுத்த முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

சரி, சூடு? அது தேவையில்லை என்று பார்க்கச் சாதாரண ஒட்டும் டேப் போதும். ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டுகளை மேசைமேல் தனித்தனியாக ஒட்டி, பிடித்துக்கொள்ள நுனியைக் கொஞ்சம் மடித்துவிட்டு, இரண்டையும் படக்கென்று உரித்து அருகருகே தொங்கவிடுங்கள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். இரண்டும் மேசையிடம் ஒரே வகை மின்னூட்டத்தை வாங்கி வந்திருக்கின்றன. அப்புறம் ஒன்றை மேசையில் ஒட்டி, அதன் முதுகில் மற்றதை ஒட்டி, ஜோடியாக மேசையிலிருந்து எடுத்து, மேசையிடம் வாங்கிய மின்னூட்டம் போக விரலால் மெல்ல ஒருமுறை நீவிவிட்டு இரண்டையும் பிரியுங்கள். இப்போது பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒன்று இழந்ததை மற்றது வாங்கியிருக்கிறது. இதில் எங்கே தேய்த்தோம்? தொட்டன, பிரிந்தன, அவ்வளவே. பரப்பு எதுவும் நாம் நினைப்பதுபோல் வழவழப்பாக இல்லை, சும்மா தொட்டால் சில மேடுகள் மட்டுமே ஒன்றோடொன்று படும். தேய்த்தால் இன்னும் நிறைய இடங்கள் தொட்டுத் தொட்டுப் பிரியும். உரசலின் முக்கியமான வேலை அதுதான்.

எந்தப் பொருள் கொடுக்கும், எது வாங்கும் என்ற பட்டியலையும் மாறாத விதி மாதிரி அச்சிட்டிருக்கிறீர்கள். முதல் பட்டியலை இயற்பியலாளர் வில்கே 1757-இல் போட்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள், பரப்பில் கொஞ்சம் அழுக்கோ ஈரமோ இருந்தால்கூட இடம் மாறிவிடும். 2025-இல் வெளியான ஆய்வில் ஒரே சிலிகோன் ரப்பர் துண்டுகளைத் திரும்பத் திரும்பத் தொடவைத்தபோது அவை தங்களுக்குள்ளேயே ஒரு வரிசையை உண்டாக்கிக்கொண்டன, எது எத்தனை முறை தொட்டது என்பதே அதில் முக்கியமாக இருந்தது. மின்கடத்தாப் பொருள்களில் இடம் மாறுவது எலக்ட்ரானா, மின்னூட்டம் கொண்ட அணுவான அயனியா, பரப்பிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கா என்ற வாதமும் இன்னும் முடியவில்லை (மேலே நானும் பழக்கதோஷத்தில் எலக்ட்ரான் என்றுதான் எழுதியிருக்கிறேன்). பிள்ளைகளிடம் இதை மறைப்பானேன்?

இன்னொன்று, ஆபத்தே இல்லாத விளையாட்டு என்று முடித்திருக்கிறீர்கள். சீப்பு விஷயத்தில் சரிதான். ஆனால் விரல் நுனியில் சுருக்கென்று ஒரு ஷாக் நமக்கு உறைப்பதற்கே சுமார் 3000 வோல்ட் வேண்டும், அந்தப் பொறியில் அரை மில்லிஜூலுக்குக் கொஞ்சம் குறைவான ஆற்றல் இருக்கும். காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அதில் பாதி போதும். கார் இருக்கையில் உரசியபடி இறங்குகிறவர் பெட்ரோல் குழாயைத் தொடும் முன் கதவின் உலோகத்தைத் தொட்டுவிட வேண்டும், நிரப்பும்போது பாதியில் மறுபடி காருக்குள் போய் உட்காரக் கூடாது, பிளாஸ்டிக் கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும் என்று பெரியவர்களுக்கு நாலு வரி சேர்த்திருக்கலாம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் டேப் சோதனையைப் படத்தோடு போடுங்கள். கூடவே, காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் பரப்பில் படியும் நீர்ப்படலம் வழியாக மின்னூட்டம் கசிந்துவிடும், காகிதம் அசையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அரைமணி நேரம் தலைசீவிப் பார்த்த பிள்ளை, சீப்பு சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்