என் மகனின் மண்ணீரலைக் காத்தவர்களுக்கு

மனையாவெளி,
திருகோணமலை.

அன்புடையீர்,

இந்த மடலில் முதல் நன்றி, என் மகனைக் காட்டிக்கொடுத்த அவனுடைய கூட்டாளிக்கு. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

யாருடைய பெயரையும் போடாமல்தான் எழுதுகிறேன். அரச வைத்தியசாலையில் வேலை செய்பவர்களுக்குப் பெயர் வந்தால் சங்கடம், மற்றவர்களுக்குக் கூச்சம். வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

எட்டு மாதமாக அவனுக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது. ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டைத் தனியே முடிப்பவன், இரண்டு பிடி சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது என்று கையைக் கழுவினான். இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம். சில நாட்களில் இடத் தோள்மூட்டிலும் வலி. உயர்தரப் பரீட்சைப் பயம், ரியூசன் அலைச்சல், நேரத்துக்குச் சாப்பிடாத பழக்கம் என்று நோயையும் நானே சொன்னேன், மருந்தையும் நானே சொன்னேன். பிறகு காட்டிய ஓரிடத்தில் இரைப்பை அழற்சி என்று குளிசை தந்தார்கள். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே குளிசை. ஒரு தடவைகூட அவனைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இது நன்றி மடல் என்பதால் இத்துடன் விடுகிறேன்.

தொட்டுப் பார்த்தவர் வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் பெண் டொக்டர். அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அத்தனை பேருக்கு நடுவிலும் அவனை வலப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, மூச்சை உள்ளே இழுக்க வைத்து, இட விலாவின் ஓரத்தில் விரல்களை வைத்துப் பார்த்தார். “மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறது அம்மா. சாதாரணமாகத் தட்டுப்படாது” என்றார். ஒன்பதாம் விலா முதல் பதினோராம் விலா வரை உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்பு அது என்பதும், வளர்ந்தவர்களில் சுமார் 150 கிராம் எடைதான் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்து எடுத்த ஸ்கேனில் மண்ணீரலின் மேற்பகுதியில் 11 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. பெரிய மாதுளம்பழம் அளவு.

வீட்டில் என் அம்மா கேட்ட மாத்திரத்தில், “அது காய்ச்சற்கட்டி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் தம்பலகாமத்தில் வளர்ந்தவர். மலேரியா வந்து வந்து வயிற்றின் இடப்பக்கம் கல்லுப்போல வீங்கிய பிள்ளைகளை அந்த நாளில் கண்டவர். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததை அவருக்கு எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் வேப்பிலைக் கஷாயம் அடுப்பில் ஏறிவிட்டது. மகன் அதையும் குடித்தான். அவனுக்கும் நன்றி.

சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அவர் ஒரு தாளை எடுத்து விலா, இரைப்பை, மண்ணீரல், கட்டி எல்லாவற்றையும் கீறிக் காட்டினார். சித்திரம் வராத மனிதர். மண்ணீரல் மாங்கொட்டை போல இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். எடுக்கலாம், உறை உள்ளே இருந்தால் மறுபடி நிரம்பிவிடும் என்றார். அதோடு, நாய்களின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போனாலும் இப்படி ஒரு கட்டி வரலாம். அந்தக் கட்டியை யோசிக்காமல் குத்தினால் உள்ளிருப்பது சிந்தி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று விளக்கினார். ஆகவே அதற்கான இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எவரும் கை வைக்கக் கூடாது என்று உறுதியாக நின்றார். ஐந்து சென்ரிமீற்றருக்கு உட்பட்டு, வலியும் இல்லாமல் இருந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இது அந்த அளவைத் தாண்டிவிட்டது, கிரிக்கெட் பந்து ஒன்று பட்டாலே வெடிக்கக்கூடும் என்றார். அன்றோடு மட்டை பரணில் ஏறியது.

பரிசோதனையில் புழு இல்லை என்று வந்தது. அப்போதுதான் சத்திரசிகிச்சை நிபுணர் மகனிடம் கேட்டார்: “எப்போதாவது வயிற்றில் பலமாக அடிபட்டதா?”

“இல்லை” என்றான் இவன், கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு.

சுடுநீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்திருந்த கூட்டாளி இருமினான். பிறகு, “டொக்டர், இரண்டு வருசத்துக்கு முதல் உவர்மலை இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்தவன். ஹாண்டில் வயிற்றில் குத்தினது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினவன்” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். அன்று கிழிந்த சேட்டைப் பந்து விளையாடிக் கிழித்ததாக எனக்குக் கதை சொல்லியிருந்தார்கள். நானும் நம்பித் தைத்துக் கொடுத்தேன்.

டொக்டர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. அடிபட்டபோது மண்ணீரலுக்குள் கசிந்த இரத்தம் நாளடைவில் கரைந்து நீராகி, அதைச் சுற்றி ஓர் உறை வளர்ந்திருக்கலாம், இதைப் பொய்க்கட்டி என்போம் என்றார். பிறகு சி.ரி. ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். முழு மண்ணீரலையும் எடுத்துவிடுவது சுலபமான வழி, ஆனால் மண்ணீரல் இல்லாதவனுக்குச் சில கிருமிகளால் வரும் காய்ச்சல் சில மணி நேரத்திலேயே உயிரைக் குடிக்கலாம். பதினேழு வயதுப் பையனுக்கு அந்தப் பயத்தை ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியதில்லை என்றார். கால்பங்கு மிஞ்சினாலே அது தன் காவல் வேலையைப் பெரும்பாலும் செய்யும் என்றும், மேற்பகுதியை மட்டும் கட்டியோடு வெட்டி எடுப்பதில் கைதேர்ந்த ஒருவர் கண்டியில் இருக்கிறார் என்றும் சொல்லிக் கடிதம் எழுதித் தந்தார். “என்னால் இங்கே செய்ய முடியாது” என்று ஒரு நிபுணர் நோயாளியின் முன்னால் சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அந்த ஒரு வசனத்துக்காக அவருக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது.

உள்ளே போய்ப் பார்க்கும்போது முழுவதையும் எடுக்க நேர்ந்தாலும் நேரலாம் என்பதால் நியூமோகொக்கஸ், மெனிஞ்சோகொக்கஸ், ஹீமோபிலஸ் என்ற மூன்று கிருமிகளுக்கும் இரண்டு வாரத்துக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. மருந்துக்கடைக்காரத் தம்பி ஊர் ஊராகத் தொலைபேசியில் தேடி, கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் எடுப்பித்து, விடியற்காலையில் தானே போய் இறக்கி வந்தார். பஸ் கூலியைக்கூட வாங்க மறுத்துவிட்டார்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் ஊசி, வெளியில் எடுத்த ஸ்கேன், போக்குவரத்து என்று கை கரைந்துகொண்டே போனது. எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கும் அக்கா தன்னுடைய முறையை எனக்கு விட்டுத் தந்தார். மகளின் சாமத்தியச் சடங்குக்கு அவர் வைத்திருந்த காசு அது என்று கண்டியிலிருந்து திரும்பிய பிறகுதான் வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ் ஏறிக் கண்டியில் இறங்கியபோது தங்குவதற்கு இடமில்லை. என்னோடு படிப்பிக்கும் கிண்ணியா ஆசிரியை ஒருவரின் மாமி கட்டுகஸ்தோட்டையில் இருந்தார். முன்பின் பார்த்திராத எனக்கு ஓர் அறையையும் அதன் திறப்பையும் தந்தார். ஒன்பது நாள் இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்தார். என் சிங்களம் சந்தைக்குப் போதும், வைத்தியசாலைக்குப் போதாது. பக்கத்துக் கட்டில் ஐயாவின் மனைவி அரைத் தமிழிலும் மீதியைக் கையாலும் எனக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். மயக்கமருந்து நிபுணர் வந்து கேட்ட கேள்விகளுக்கு அவர் வழியாகத்தான் பதில் சொன்னேன்.

சத்திரசிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. சிறு துளைகள் வழியாகக் கமெராவை விட்டே செய்து முடித்தார்கள். குருதிக்கு ஆள் கொண்டுவா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. யாரோ கொடுத்த குருதியில் இரண்டு பை ஒதுக்கி வைத்திருந்தார்கள், அதுவும் தேவைப்படவில்லை. இருந்தும் எங்கள் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் ஐந்து பேர் இங்கே இரத்த வங்கிக்குப் போயிருக்கிறார்கள். நால்வர் கொடுத்தார்கள். ஐந்தாமவன் ஐம்பது கிலோவுக்கு இரண்டு கிலோ குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டான். அவனுடைய முகத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அவனுக்கும் அதே அளவு நன்றி.

வெளியே வந்த டொக்டர் கையைப் பாதியாகக் காட்டி, பிறகு இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். பாதிக்கும் மேலே மிஞ்சியிருக்கிறது என்று மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. அன்றிரவு கடமையில் இருந்த தாதி, வடிகுழாயில் சிவப்பு வந்தபோது நான் பதறியதைக் கண்டு, மணிக்கொருதரம் அளவைக் குறித்துக் காட்டினார். விடியும்போது அது இளமஞ்சளாகியிருந்தது. இழையப் பரிசோதனையிலும் பொய்க்கட்டிதான், வேறு பயம் இல்லை என்று வந்தது.

பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடித்துவிட்டோம். காய்ச்சல் கண்டால் தாமதியாமல் வரச்சொல்லி எழுதிய அட்டை அவனுடைய பணப்பையில் இருக்கிறது. பிட்டு மறுபடி காணாமல் போகிறது.

வளைந்த ஹாண்டிலோடு அந்தச் சைக்கிள் கிணற்றடியில் சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்தித் தருகிறேன் என்று கூட்டாளி இரண்டு தரம் வந்து கேட்டான். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன், சைக்கிளைக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
நன்றியுள்ள ஒரு தாய்