வலிக்கிறதா என்று அவர்களையே சொல்ல விடுங்கள்

கன்னியர் மடங்களின் தலைமைச் சகோதரிகளுக்கு,

வணக்கம். ஒரு துறவற சபையின் வயதான சகோதரிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். துறவற வாக்குறுதியான வார்த்தைப்பாடு எடுத்தவள் அல்ல, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். முன்பு மருத்துவமனை வார்டில் இருந்தேன். அங்கே அழைப்பு மணி ஓயாது. இங்கே இரவு முழுக்க ஒரு முறைகூட அடிப்பதில்லை. வலி இல்லாததால் அல்ல.

எலும்பு வரை புற்றுநோய் பரவியவரிடம், பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால், "ஒரு ரெண்டு இருக்கும்மா" என்பார். போர்வையை விலக்கினால் ஜெபமாலையைப் பிடித்திருக்கும் பிடியில் மணிகள் உள்ளங்கையில் பதிந்திருக்கும். "வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்" என்பார். அந்த விசுவாசத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது அவராக எடுத்த முடிவா, மருந்து கேட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் கூச்சம்தான்.

திருச்சபை இதை எப்போதோ தெளிவாகச் சொல்லிவிட்டது. 1957 பிப்ரவரியில் மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், வேறு வழி இல்லாதபோது, ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் வலிநிவாரணி கொடுக்கலாம் என்றார். இதை நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் எடுபடும். ஒரு நாள் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லுங்கள்.

'வலித்தால் கேளுங்கள்' என்ற ஏற்பாடு இவர்களிடம் செல்லாது. புற்றுநோய் வலிக்கு மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொன்னது. மறதிநோய் வந்தவர்களிடம் எண் கேட்டும் பயனில்லை. மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்பதைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறோம். அதற்கு நேரம் வேண்டும். காலைத் திருப்பலிக்கு எல்லோரையும் தயார்படுத்தும் அவசரத்தில் அது முடியாது.

அடுத்தது, சம்மதம். அறுவை சிகிச்சை வேண்டுமா என்று டாக்டர் கேட்டால், சகோதரி உங்கள் முகத்தைப் பார்க்கிறார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எந்த மடத்துக்குப் போக வேண்டும், என்ன பணி செய்ய வேண்டும் என்பதற்குச் சரி. தன் உடம்பில் கத்தி வைக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடம் மட்டும் அறைக்கு வெளியே நில்லுங்கள். அப்புறம் அவரே உங்களிடம் ஆலோசனை கேட்டால் அது வேறு.

நோயின் பெயரைச் சாப்பாட்டு மேசையில் ஜெபக் கருத்தாக அறிவிப்பதையும் நிறுத்துங்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் தன் கர்ப்பப்பையைப் பற்றி முழு மடமும் ஜெபிப்பதைக் கேட்டபடி கஞ்சி குடிப்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய் கன்னியரிடம் அதிகம் என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதினார். கர்ப்பமும் தாய்ப்பால் கொடுத்தலும் இல்லாதவர்களுக்கு மார்பகம், சூலகம், கர்ப்பப்பை ஆகிய மூன்றிலும் புற்றுநோய் ஆபத்து கூடுதல் என்பது இன்று தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் பரிசோதனைக்கு அங்கியைக் கழற்ற வெட்கப்பட்டு, கட்டி புண்ணாகும்வரை மறைத்தவர்கள் உண்டு. பெண் மருத்துவரை அழைத்து, இளம் சகோதரிகளிடமிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். தியான நாட்களுக்கு அட்டவணை போடும் உங்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

கடைசியாக ஒன்று. டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் என்ற வலிநிவாரணியை இரவில் கொடுக்க, உங்கள் கதவைத் தட்டி அனுமதி வாங்க வேண்டும் என்ற வழக்கம் உங்கள் மடத்தில் இருந்தால், அதை எழுத்திலேயே நீக்கிவிடுங்கள். கணக்குப் புத்தகத்தைக் காலையில் நீங்கள் சரிபாருங்கள், தவறில்லை. மருந்து அலமாரிச் சாவி மட்டும் இரவுப் பணி நர்ஸிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு நர்ஸ்