அம்மிணிக்கு, டேராடூன் முகவரிக்கு

அம்மிணி,

வாட்ஸப்பில் எழுதினால் நீலக் குறியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாய், போன் செய்தால் 'மீட்டிங் இருக்கும்மா' என்கிறாய், அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. அப்பாவுக்குக் காட்டவில்லை. அவர் வரப்பு வழக்குக்காகத் தாராபுரம் போயிருக்கிறார், அந்தக் கதைதான் உனக்குத் தெரியுமே, இந்த முறையும் வாய்தாவாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். உன் வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். ஒரு நகல் எடுத்து உன் ஆபீஸ் டிராயரில் வை, இன்னொன்றை எனக்கு அனுப்பு. ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வை. ஆயுள் முழுக்க ரிஜிஸ்டர் ஆபீஸில் காகிதத்தோடு கிடந்தவள் வேறு எதைச் சொல்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற உத்தராகண்டில் 2025 ஜனவரி 27-லிருந்து பொது சிவில் சட்டம் நடப்பில் இருக்கிறது, உனக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள் பதிவாளரிடம் போய்ப் பதிந்துகொள்ள வேண்டுமாம். ஒரு மாதத்துக்குள் பதியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே, வெளி மாநிலத்திலிருந்து வந்து அங்கே குடியிருப்பவர்களுக்கும் உண்டு. பதிந்த விவரம் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகும். இருவரில் ஒருவருக்கு 21 வயது ஆகவில்லை என்றால் பெற்றோருக்கும் தகவல் சொல்வார்கள். உனக்கு 28 முடிந்துவிட்டது, அதனால் எனக்குத் தகவல் வராது. பேப்பரில் இதைப் படித்ததால் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

தொடங்கியபோது அந்தப் பதிவுக்கான படிவம் 16 பக்கம் என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு தோட்டத்தைக் கிரயம் செய்யக்கூட அவ்வளவு எழுதியதில்லை.

நான் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. வயது வந்த இரண்டு பேர் எந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிறார்கள் என்று அரசாங்கத்துக்கு எதற்குக் கணக்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னபோது நீ காலேஜில் இருந்தாய், போன் செய்து எனக்கு ஒரு வகுப்பே எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு, ஒரு காகிதம் உள்ளே வந்த பிறகு அது எங்கெல்லாம் போகும் என்று தெரியும்.

ஸ்பெஷல் மேரேஜ் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. சாதி, மதம் எதையும் கேட்காத சட்டம். ஆனால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும், அந்த நோட்டீஸை ஆபீஸில் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். ஆட்சேபணை சொல்வதென்றாலும் வயது, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, விலக்கப்பட்ட உறவா, சம்மதம் கொடுக்கிற மனநிலை இருக்கிறதா என்ற சில காரணங்களுக்குத்தான் சொல்லலாம். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. ஆனால் அந்த போர்டைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லையே. வெள்ளை வேட்டியில் வந்து நிற்பார்கள், செல்போனில் போட்டோ எடுப்பார்கள், அடுத்த நாள் பெண்ணின் பெரியப்பா, மாமா என்று ஒரு வண்டி வந்து இறங்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் ஒருவன் இருந்தான், நோட்டீஸ் ஒட்டின அன்றைக்கே பெண் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக் காசு வாங்குவான். முப்பதாம் நாள் கையெழுத்துப் போட வராமலே போன பெண்களை எனக்குத் தெரியும். அந்த நோட்டீஸ் கட்டாயமில்லை, விருப்பப்பட்டால்தான் ஒட்ட வேண்டும் என்று 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. அலகாபாத் சொன்னால் தாராபுரத்தில் போர்டைக் கழற்றிவிடுவார்களா என்ன.

சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தம், மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும், ஐயரும் வேண்டாம், 30 நாளும் வேண்டாம். ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும். அந்த விவரமெல்லாம் எனக்கு எங்கே தெரியும். நான் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

உனக்கு 25 முடிந்ததிலிருந்து வெள்ளக்கோவில் அத்தை ஜாதகக் கட்டோடு வருகிறாள். ஒவ்வொரு தடவையும் 'அவள் ப்ராஜெக்ட் முடியட்டும்' என்று சொல்லி அனுப்புகிறேன். இனி என்ன சொல்வது என்று நீதான் சொல்ல வேண்டும். உன் அண்ணன் சென்னையில் மூன்று பசங்களோடு வீடு எடுத்திருந்தபோது அங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது, என்னைத்தானே கேட்கிறார்கள், அவனையா கேட்கிறார்கள்?

பெற்றவர்களுக்குப் பிடிக்காத இடத்தில் வயது வந்த பிள்ளை கல்யாணம் செய்தால் அவர்கள் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாம், மிரட்டவோ அடிக்கவோ கூடாது என்று 2006-ல் ஒரு தீர்ப்பு வந்தது. கோர்ட்டுக்கு அது அதிகபட்சம், நம் பக்கத்தில் அதுதான் குறைந்தபட்சம். 2016 மார்ச்சில் உடுமலையில், நாம் பழனி பஸ்ஸுக்கு நிற்போமே அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை நீயும் டிவியில் பார்த்தாய். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் டிவியை அணைத்துவிட்டுப் போனார். உன் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் அவரைச் சுற்றி இருக்கிற நாலு பேரைப் பற்றி எனக்கு அந்த நிச்சயம் இல்லை, திருப்பூர் பெரியப்பா வீட்டுப் பசங்களை உனக்கே தெரியும், அவர்கள் போனில் என்ன ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள் என்று நீயே எனக்குக் காட்டினாய்.

ஸ்வெட்டர் வாங்கினாயா? போன வருஷம் மாதிரி டிசம்பர் வந்த பிறகு ஓடாதே.

குஷ்பு விவகாரம் உனக்கு நினைவிருக்காது, 2005, நீ சின்னப் பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின உறவைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு ஏதோ கருத்துச் சொல்லிவிட்டார் என்று துடைப்பத்தையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். எங்கள் ஆபீஸில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் அதே பேச்சுதான், அதிலும் அதிகம் பேசியவர்கள் பெண்கள். ஐந்து வருஷம் கழித்து 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 23 வழக்குகளையும் ரத்து செய்தது. ஒழுக்கம் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் மாறும், அதை வைத்துக் கிரிமினல் சட்டத்தை ஒருவர் வாழ்க்கைக்குள் விடக்கூடாது என்றார்கள். பேச்சுரிமைக்குச் சாசனம் வைத்திருக்கிற 'நியாயமான கட்டுப்பாடுகள்' பட்டியலில் ஒழுக்கமும் ஒன்று, அதை நான் டிபார்ட்மென்ட் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். யாருடைய ஒழுக்கம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கு எங்கள் ஆபீஸில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஹாலில் உட்கார்ந்து என்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே குக்கர் மூன்று விசில் விட்டது. நீ எழுந்திருக்கவே இல்லை. குக்கர் தானாக நின்றது.

அதற்குப் பிறகு நீ வீட்டிலிருந்து வீடியோவில் வருவதே இல்லை. ஆபீஸ் கேன்டீனிலிருந்து பேசுகிறாய், ராஜ்பூர் ரோட்டில் நடந்துகொண்டே பேசுகிறாய், மூச்சு வாங்குகிறது, பின்னால் ஹாரன் சத்தம். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் வைத்திருக்கலாம், சினேகிதி வந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் மூன்றாவது விசிலில் அடுப்பை அணைக்கத் தெரிந்த ஆள், அந்த அளவுக்குச் சந்தோஷம். உன் அப்பாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. சேர்ந்து வாழ்வது குற்றமும் இல்லை, பாவமும் இல்லை, ஆனால் இந்த நாட்டில் சமூகம் ஏற்காதது என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, தாலி கட்டாத பெண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது, ஆனால் அது 'திருமணம் போன்ற உறவாக' இருக்க வேண்டும். எது திருமணம் போன்றது? அதற்கு வரையறை சொன்ன வழக்கு நம் கோயம்புத்தூரிலிருந்து போனதுதான். குடும்ப நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கொடுத்தது, மெட்ராஸ் ஹைகோர்ட் சரி என்றது, உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் திருப்பி அனுப்பி, சில நிபந்தனைகளை எழுதியது. கல்யாண வயது, வேறு கல்யாணம் ஆகாதவர்கள், சம்மதத்தோடு கணிசமான காலம் ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் முதல் நிபந்தனை என்ன தெரியுமா? ஊரார் முன்னால் கணவன் மனைவி மாதிரி தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த ஊரார் கண்ணுக்குப் பயந்து ஒரு பெண் ஒளித்து வாழ்கிறாளோ, நாளைக்குக் கஷ்டம் என்று கோர்ட்டுக்குப் போனால் அதே ஊராரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி 'ஆமாம், இவர்கள் குடும்பமாகத்தான் இருந்தார்கள்' என்று சொல்ல வேண்டும். அதனால்தான் ஒப்பந்தத்தில் யார் பெயர் என்று கேட்டேன். உன் பெயர் இருக்கட்டும், இன்னொரு பெயர் இருந்தால் அதுவும் இருக்கட்டும். கரண்ட் பில், கேஸ் கனெக்‌ஷன், நாமினி எல்லாவற்றையும் பார். நகல் எடுத்து வை. அந்த 16 பக்கப் படிவத்தை எழுது என்று நான் சொல்லமாட்டேன், எழுதாதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, மூன்று மாதம் என்கிறார்களே. நைனிடால் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள், நல்ல வக்கீலிடம் கேட்டுக்கொள். வேண்டுமென்றால் காசு அனுப்புகிறேன். உனக்குத் தேவைப்படாது, தெரியும், வீட்டுக் கடனையே நீதானே அடைத்தாய், அதை வெள்ளக்கோவில் அத்தையிடம் வாரம் ஒரு முறை சொல்லிக் காட்டுகிறேன்.

உன் வாழ்க்கை உன் இஷ்டம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், என்னிடமே மறைக்க வேண்டியதாக இருக்கிறதே என்பதுதான் அதில் பெரிய பங்கு. என் அம்மாவிடம், உன் அம்மிச்சியிடம் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளிடமும் சொல்லவில்லை, நான் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஸ்பெஷல் மேரேஜ் கல்யாணத்துக்கு மூன்று சாட்சி வேண்டும். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல், டீக்கடையில் நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். உனக்கு அந்த நிலைமை வர வேண்டாம். இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை.

வைகாசி விசாகத்தை ஒட்டி அப்பா போக வேண்டிய ஒரு கல்யாணம் இருக்கிறது, அவரும் அண்ணனும் போகிறார்கள், நான் முழங்கால் வலி என்று சொல்லப்போகிறேன். அந்த வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து டெல்லி வந்து அங்கிருந்து உன் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். திடீரென்று வந்து கதவைத் தட்டமாட்டேன். எந்தத் தேதி வரலாம் என்று நீ சொல், வேண்டாம் என்றால் அதையும் சொல். இடம் போதாது என்றால் பக்கத்தில் லாட்ஜில் ரூம் போடு, நான் தப்பாக நினைக்கமாட்டேன். முருங்கைப் பொடியும் பருப்புப் பொடியும் எடுத்து வருகிறேன், எத்தனை பேருக்கு என்று மட்டும் எழுது. காரம் தாங்குவாரா என்றும்.

அம்மா