நிறுத்திய மருந்து மீண்டும் பில்லில் வருவது ஏன்? மருந்தக மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்தக மென்பொருள் உருவாக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் திரையைப் பார்த்தபடி நாள் முழுவதும் மருந்து கொடுக்கும் மருந்தாளுநர் நான். பில், இருப்புக் கணக்கு, காலாவதி எச்சரிக்கை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நோயாளிக்கு இப்போது எந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது என்பதை அந்தத் திரை சொல்வதில்லை.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிட்டுவந்த ஓர் அம்மாவுக்கு வறட்டு இருமல் வருகிறது. மருத்துவர் அதை நிறுத்திவிட்டு டெல்மிசார்டன் எழுதுகிறார். புதுச் சீட்டோடு வரும் மகன், வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் சேர்த்துக் கேட்கிறார். கவுண்டரில் இருப்பவர் போன மாத பில்லை அப்படியே எடுத்துப் போடுகிறார். மெட்பார்மினோடு எனலாப்ரிலும் வந்துவிடுகிறது. அதையும் டெல்மிசார்டனையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம்.

சந்தேகம் வந்தால் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்கிறோம். அதைக் குறித்துவைக்கத்தான் இடமில்லை. வேறு வழியின்றி, நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘எனலாப்ரில் வேண்டாம்’ என்று தட்டச்சு செய்கிறோம். அது பில்லிலும் அச்சாகிறது.

சில மென்பொருள்களில் ‘செயலில் இல்லாதவை’ என்று ஒரு பட்டியல் உண்டு. சாப்பிட்டு முடித்த ஐந்து நாள் ஆன்டிபயாடிக், ஒவ்வாமையால் நிறுத்திய மருந்து, அறுவை சிகிச்சைக்காகத் தற்காலிகமாக நிறுத்திவைத்த வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. வார்ஃபரினைப் பெரும்பாலும் ஐந்து நாள் முன்னதாக நிறுத்துவார்கள். பிறகு மருத்துவர் சொன்ன நாளில் மீண்டும் தொடங்கியாக வேண்டும். மறந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரைகூடப் போகலாம். அந்த நாளை நினைவூட்டத் திரையில் ஒரு வரி கிடையாது.

இது முடியாத வேலையல்ல. நம் நாட்டின் மின்னணு மருத்துவப் பதிவுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், மருத்துவத் தகவல்களைக் கணினிகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளப் பின்பற்றும் எஃப்.எச்.ஐ.ஆர். தரத்தில், தற்காலிகமாக நிறுத்திவைத்தது, நிறுத்தியது, முடிந்தது, தவறாகப் பதிவானது என ஒவ்வொன்றுக்கும் தனி நிலை இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவர் தம் கணினியிலிருந்தே மருந்துக்கடைக்கு ரத்துச் செய்தி அனுப்பும் ஏற்பாடும் உண்டு.

யார், எப்போது, ஏன் நிறுத்தினார் என்று எழுதாமல் எந்த மருந்தையும் நிறுத்தியதாகப் பதிய விடாதீர்கள். நிறுத்திவைத்தால் மறுபரிசீலனைத் தேதியைக் கட்டாயமாக்குங்கள். அந்தத் தேதி வந்ததும் அதைத் திரையின் முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். நிறுத்திய மருந்து பழைய பில் வழியாகத் திரும்பி வரக்கூடாது. பிராண்டு பெயரை மட்டும் தடுத்தால் போதாது. ஒரே மூலமருந்து எத்தனையோ பெயர்களில் விற்கும் நாடு இது; தடை மூலமருந்தின் மேல் இருக்கட்டும். அந்தத் தடையை நீக்கும் உரிமை, மருத்துவரிடம் கேட்டறிந்த மருந்தாளுநரின் கடவுச்சொல்லுக்கு மட்டுமே இருக்கட்டும். பில் போடுபவரின் கடவுச்சொல்லுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்